அயலான் பாடினால் கலை. ஆத்தாள் பாடினால் கூச்சலா?

நம் தோட்டங்களிலும் அவற்றை அடுத்த பட்டணங்களிலும் ஆங்கிலம் படித்த கூட்டம் ஒன்றுண்டு. கிராணிமார், ஆசிரியர், மருந்துச்சாலை உத்தியோகஸ்தர், வங்கியிலும் சர்க்கார் கச்சேரியிலும் எழுத்து வேலை பார்ப்போர் யாவரும் அதில் அடங்குவர். இதனை எழுதுபவனும் ஆங்கிலப் பள்ளியிற் பயின்று தோட்டக் கணக்கு எழுதிப் பிழைப்பவனாதலின், அக்கூட்டத்தின் வழக்கங்களை நன்கறிவான். ஜெராம் முதல் களும்பாங் வரை வட சிலாங்கூரில் எந்தக் கல்யாண விருந்துக்கும், எந்தப் பிரிவுபசாரத்துக்கும் செல்லுங்கள். விருந்து முடிந்து சற்றே நெஞ்சம் இளகியவுடன், நம் படித்த கனவான்கள் கண்களை மூடிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஜிம் ரீவ்ஸின் பாட்டைப் பாடத் தொடங்கிவிடுவார்கள். அதே விருந்தில், மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டி ஒருத்தி வாய்திறந்து ஒரு நலங்குப் பாட்டைத் தொடங்கினாலோ, “ஐயோ, அந்தக் காலத்துக் கூச்சலை நிறுத்தச் சொல்லுங்கள்” என்று அவள் பெற்ற பேரனே முகஞ்சுளிப்பான்.

இஃதென்ன விந்தை! இந்த விந்தையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜிம் ரீவ்ஸைப் பாடலாகாது என்று நாம் சொல்ல வரவில்லை. இசைக்கு எல்லைக்கோடு இல்லை. அவர் குரல் பட்டுப் போன்றது. அதனை இகழ்வோர் செவியில்லாதவரே. நாம் கேட்பது வேறு. அவர் யார்? அவர் பாடிய பாட்டு யாருடைய பாட்டு? அமெரிக்க நாட்டின் டெக்ஸாஸ் மாகாணத்துக் குக்கிராமம் ஒன்றில் 1923-இல் உழவர் குடியிற் பிறந்து, பேஸ்பால் ஆடி, வானொலியில் அறிவிப்பாளராயிருந்து, பின் பாடகராகி, 1964-இல் விமான விபத்தில் மாண்டவர் அவர். அவர் பாடியது அவர்கள் நாட்டில் “நாட்டுப்புற இசை” என்று பெயர் பெற்ற இசை. அதாவது பட்டிக்காட்டுப் பாட்டு! லண்டன் பிரபுக்களின் இசை என்றோ, ஐரோப்பிய மேதைகளின் சாகித்தியம் என்றோ எண்ணிக்கொண்டு நம் கனவான்கள் கண்ணை மூடுகிறார்களே, அது வயற்காட்டானும் ரயில் தொழிலாளியும் பருத்தி பறித்தவனும் பாடிய பாட்டின் வழிவந்தது.

அந்த இசைக்குத் தந்தை என்று போற்றப்படுபவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். ரயில் வண்டியில் தடைபிடிக்கும் கூலியாளாக வேலை பார்த்தவர். காச நோயால் அவ்வேலையை விட்டவர். 1927 ஜூலை மாதம் டென்னஸி மாகாணத்தின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் என்னும் சிற்றூருக்கு ரால்ப் பியர் என்பவர் இசைத்தட்டுப் பதிக்கும் கருவியுடன் வந்து இறங்கினார். ராட்ஜர்ஸும், கார்ட்டர் குடும்பத்தாரும் அப்பொழுதுதான் முதன்முதலாகப் பதிவு செய்யப்பெற்றனர். ஆறே ஆண்டுகளில், 1933-இல், முப்பத்தைந்தாம் வயதில், சாவதற்குச் சில நாள் முன்புவரை பாடிப் பதிந்துகொண்டே ராட்ஜர்ஸ் மறைந்தார். அவர்க்குப் பின் வந்த ஹேங்க் வில்லியம்ஸ், தெருவில் பாடிய நீக்ரோப் பாடகர் ஒருவரிடம் இசை பயின்றவர். கார்ட்டர் குடும்பத்துத் தலைவர் ஏ. பி. கார்ட்டரோ, லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பரைத் துணையாகக் கொண்டு மலையூர் மலையூராக அலைந்து கிழவர் கிழவிகளிடம் பாட்டுச் சேகரித்தவர்.

இவர்களை அந்நாட்டுப் பெரிய மனிதர் முதலில் எப்படி நடத்தினர்? “ஹில்பில்லி” என்றனர். மலைக்காட்டு மூடன் என்பது அதன் கருத்து. நகரத்தார் மூக்கைப் பிடித்துக்கொண்டனர். ஆயினும் அந்நாட்டில் அறிவுடையோர் சிலர் இருந்தனர். வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகம் 1928-இலேயே நாட்டுப் பாடல்களுக்கென்று ஒரு காப்பகம் தொடங்கிற்று. 1961-இல் நாட்டுப்புற இசைப் புகழ் மண்டபம் ஒன்றை ஏற்படுத்தி, ரயில் கூலியான ராட்ஜர்ஸையும், தெருப்பாடகரிடம் பயின்ற வில்லியம்ஸையும் அதில் முதல்வராக வைத்தனர். நேற்று வசைச் சொல்லாயிருந்தது இன்று நாட்டின் பெருமை ஆயிற்று. பாட்டு மாறவில்லை, பார்த்த கண் மாறிற்று.

நிற்க.

நம் நாட்டுப்புறப் பாட்டுக்கு வருவோம். அறிவாளிகளே, கொல்லங்குடி கருப்பாயி என்ற பெயரைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால், “ஆண் பாவம் படத்தில் வரும் கிழவிதானே?” என்பீர்கள். ஆம், 1985-இல் வெளிவந்த அப்படத்தில் பாட்டியாக நடித்துத் தம் குரலிலேயே பாடியவர்தாம். ஆனால் படம் அவரை உண்டாக்கவில்லை. படம் வருமுன்பே வானொலியில் ஒலித்த குரல் அது. சிவகங்கைச் சீமையில் கொல்லங்குடி என்னும் ஊரில் பிறந்து, ஏட்டுக் கல்வி இன்றி, வயலிற் கூலி வேலை செய்து, நாற்று நடும்பொழுதும் களை பறிக்கும்பொழுதும் பாடியே பாட்டில் தேர்ந்தவர் அவ்வம்மையார். தாமே கட்டித் தாமே பாடுவார். தமிழக அரசு 1993-இல் கலைமாமணி விருது அளித்தது. 2025 ஜூன் மாதம், நூறாண்டை எட்டும் வயதில், அதே கொல்லங்குடியில் காலமானார். வானொலியும் படமும் விருதும் வந்த பின்னரும் முதுமையில் வறுமை அவரை விட்டபாடில்லை என்பதைச் செய்தித் தாள்களே எழுதின.

அவர் பாட்டில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்களாயின், சொல்வோம். முதலாவது, குரல். அது இனிப்புப் பூசிய குரல் அன்று. வெயிலில் காய்ந்து, சேற்றில் நனைந்து, பத்து வயல் தள்ளி நிற்பவளுக்கும் கேட்கும்படி வீசிப் பழகிய குரல். மிருதங்கமும் பிடிலும் அதற்கு வேண்டியதில்லை. அடி வைக்கும் காலும் குனிந்து நிமிரும் முதுகுமே அதன் தாளம். இரண்டாவது, சொல். வாயில் வழங்கும் சொல்லைத் தவிர வேறு சொல் அவர்க்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. மச்சான் என்றால் மச்சான். மாமியார் என்றால் மாமியார். உவமை தேடி வானுலகுக்குப் போவதில்லை; வரப்பிலும் அடுப்படியிலும் கிடைப்பதை எடுத்துக்கொள்வார். மூன்றாவது, நகை. கூலிக்காரப் பெண் தன்னை ஏய்க்கும் ஆடவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு ஒன்றுண்டே, அது நம் புலவர் பெருமக்கள் எழுதிய எந்தக் காவியத்தில் இருக்கிறது? அதில் சினமும் உண்டு, தாங்கும் உரமும் உண்டு. நான்காவது, மூச்சு. அடியின் இறுதியில் குரலை இழுத்து அவர் விடும் இடத்தில், வேலையின் களைப்பு முழுவதும் வந்து இறங்கிவிடுகிறது. ஜிம்மி ராட்ஜர்ஸ் அடியின் முடிவில் குரலை உடைத்து மேலேற்றிப் பாடுவதைக் கேட்டு மெய்சிலிர்ப்பவர், இந்த இழுப்பைக் கேட்டும் மெய்சிலிர்க்க வேண்டும். சிலிர்க்கவில்லையென்றால் குறை பாட்டில் இல்லை. கேட்பவன் மனத்தில் ஏறிய மாசில் இருக்கிறது.

அம்மாசு பலவகைப்படும். ஒவ்வொன்றாகக் கழுவுவோம்.

முதலில் வருபவர் பண்டிதர். “இவற்றில் எதுகையுண்டா, மோனையுண்டா, இலக்கணம் உண்டா? கொச்சை அல்லவா?” என்பது அவர் வாதம். பண்டிதரே, இளங்கோவடிகள் எங்கிருந்து எடுத்தார்? கானல்வரி கடற்கரைப் பாட்டு. ஆய்ச்சியர் குரவை இடைச்சேரிப் பாட்டு. வேட்டுவ வரி வேடர் பாட்டு. வாழ்த்துக் காதையில் அம்மானையும் பந்தாட்டும் ஊசலும் உலக்கைப் பாட்டும் வரிசையாக வருகின்றன. இவை யாவும் பாண்டியன் சபையில் பிறந்தவையா, பாமரப் பெண்டிர் வாயில் பிறந்தவையா? மாணிக்கவாசகர் பாடிய சாழலும் பொற்சுண்ணமும் தெள்ளேணமும் பூவல்லியும் பெண்கள் ஆடிய, இடித்த, பூக்கொய்த பாட்டுகளின் உருவங்களே. சமயம் எதுவாயினும் ஆகுக. உருவம் நம் வீட்டுப் பெண்களுடையது. ஏற்றம் இறைப்பவன் பாடிய பாட்டின் அடுத்த அடி என்னவாயிருக்கும் என்று கவிச்சக்கரவர்த்தி கம்பரே இரவெல்லாம் ஏங்கி, மறுநாள் அதே கிணற்றடிக்குச் சென்று காத்திருந்தார் என்று ஒரு கதை வழங்குகிறதே! கதையாகவே இருக்கட்டும், அக்கதையைக் கட்டிய தமிழன், எழுதாக் கவியின் முன் எழுதிய கவி தலைகுனிய வேண்டிய இடம் உண்டென்று அறிந்திருந்தான்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களுக்கும் இச்சோதனை வந்தது. கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு வந்தபொழுது, இலக்கணப் பிழைகள் மலிந்த நூலென்று பிள்ளையவர்கள் தட்டிக் கழித்தார்கள். பின்னர்ப் பாரதியார் தம்மை மறந்து பாடுவதைக் கேட்டு, மனமுருகிப் பாயிரம் அளித்தார்கள். பெரும் புலவர் வளைந்து கொடுத்தார். அவர் கால்தூசுக்கும் ஆகாத இக்காலப் பண்டிதர் வளைய மாட்டேன் என்கிறார். சுப்பிரமணிய பாரதியாரோ குயிற் பாட்டில், தம் நெஞ்சைப் பறிகொடுத்த இசைகளை அடுக்குமிடத்து, ஏற்றப் பாட்டையும் நெல்லிடிப்போர் பாட்டையும் பண்ணைப் பெண்கள் பாட்டையும் பெயர் சொல்லி வைத்தார். பள்ளிக்கூடத்தில் அப்பாட்டைக் கற்பிக்கும் ஆசிரியர், அதிற் கூறப்பட்ட பண்ணைப் பெண் தம் பள்ளிக்கு எதிர் வீட்டிலேயே இருக்கிறாள் என்பதை மட்டும் மாணவருக்குச் சொல்வதில்லை.

இரண்டாவதாக வருபவர் நம் இனத்தவரான ஆங்கிலம் கற்ற கனவான். அவர் வாதத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நமக்குத் தெரியும். “இப்பாட்டைக் கேட்டால் கூலிக்காரன் என்ற பெயர் நினைவுக்கு வருகிறது. லயத்து வீடும், விடியுமுன் பெரட்டுக் களமும், கள்ளுக்கடையும் நினைவுக்கு வருகின்றன. இவற்றையெல்லாம் மறக்கத்தானே படித்தோம்?” இதுவே அவர் நெஞ்சில் இருப்பது. லயத்தை விட்டு வெளியேறியது நல்லதே. ஆனால் லயத்தில் வாழ்ந்தவளை வெறுப்பதற்குப் பெயர் முன்னேற்றமா? கங்காணியும் துரையும் அவளை இழிவாக நினைத்தார்கள்; நீயும் அவ்வாறே நினைத்தால், அவர்கள் போன பின்னும் அவர்கள் வேலையை நீ சம்பளமில்லாமற் செய்கிறாய் என்றுதானே பொருள்?

இவ்விடத்தில் நம் மாவட்டத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆன்றி போகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் கோலசிலாங்கூர்ப் பகுதிக்கு வந்து, ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டுக் குடியிருந்தார். 1917-இல் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனை நடவைச் செய்வித்தவர் அவரே. பெயரைப் பாருங்கள்: தென்னமரம்! அவர் பின்னர் எழுதிய “மலேசி” என்னும் நாவலுக்கு 1930-இல் பிரான்சின் மிகப் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசு கிடைத்தது. அந்நாவலின் அத்தியாயங்களுக்கு முகப்பாக அவர் வைத்தவை எவை? மலாய்க் கிராமத்தார் வாய்மொழியாகப் பாடிய பந்துன்கள்! முதலாளியாய் வந்த வெள்ளையர் ஒருவர், அடுத்த வீட்டுக் கிராமத்தானின் பாட்டில் இலக்கியம் கண்டார். மலாய்ச் சகோதரர்களும் பந்துனைக் கைவிடவில்லை. பள்ளியில் கற்பித்தார்கள், மேடையில் பாடினார்கள். 2020-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் அதனை ஏற்றுவித்தன. பக்கத்து வீட்டான் தன் பாட்டியின் பாட்டை உலக சபையில் வைக்கிறான். நாம் நம் பாட்டியின் வாயைப் பொத்துகிறோம். இதற்குத்தானா ஆங்கிலம் படித்தோம்?

ஆங்கிலப் படிப்பையே குறை சொல்லுவதும் முறையன்று. நம் பாட்டுகளை முதலில் நூலாக்க முனைந்தோரில் ஆங்கிலேயரும் உளர். சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப் பாடல்களைப் பற்றி 1871-இல் நூல் வெளியிட்டார். பெர்சி மாக்வீன் என்னும் கலெக்டர் திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 1958-இல் “மலையருவி” என்ற பெயரில் பதிப்பித்தார். இடையே 1943-இல் மு. அருணாசலம் “காற்றிலே மிதந்த கவிதை” தந்தார். நா. வானமாமலை 1964-இல் தமிழர் நாட்டுப்பாடல்களைத் தொகுத்தார். இலங்கை மலைநாட்டில் சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்து மக்களின் பாட்டுகளைச் சேர்த்தார். இந்நாட்டில் முத்தம்மாள் பழனிசாமி அம்மையார் தோட்டத்தில் தாம் கேட்டு வளர்ந்த பாடல்களை நூலாக்கினார். இவர்களில் ஆங்கிலம் நன்கறிந்தோர் பலர். ஆகவே ஆங்கிலம் குற்றவாளி அன்று. ஆங்கிலத்தைக் கண்ணாடியாக அணிந்துகொண்டு எல்லாவற்றையும் தெளிவாகப் பார்ப்பவனும் உண்டு; அதனைத் திரையாகத் தொங்கவிட்டு, தாய் முகம் தெரியாமல் மறைத்துக்கொள்பவனும் உண்டு.

மூன்றாவது வாதம் நம் சொந்த வீட்டிலிருந்தே வருகிறது. சீர்திருத்தத் தோழர்கள் சிலர், “நாட்டுப் பாட்டில் விதியும் பேயும் சாமியாட்டமும் சாதிப் பெருமையும் பெண்ணடிமையுந்தானே மண்டிக் கிடக்கின்றன? ஒப்பாரியே மூடவழக்கம் அல்லவா? அதைக் காப்பாற்றுவது சீர்திருத்தமா?” என்று கேட்கிறார்கள். இவ்வாதம் ஏனையவற்றைப் போல் அற்பமானது அன்று. நேர்மையாக விடையிறுக்க வேண்டியது.

உண்மை. நாட்டுப் பாட்டில் குப்பையும் உண்டு. ஒரு சாதியை ஏசி மற்றொரு சாதி பாடியது உண்டு. பெண் பிறந்தால் பெருமூச்சு விடுவது உண்டு. தலையெழுத்தென்று சோர்ந்து போவதும் உண்டு. அவற்றை மேடையேற்றிக் கைதட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஏட்டில் எழுதி, இன்னது இழிவு, இன்ன காரணத்தால் இழிவு என்று காட்டுவோம். ஆனால் குப்பை காவியத்தில் இல்லையா? புராணத்தில் இல்லையா? அவற்றை மட்டும் பாடபுத்தகத்தில் வைத்துக்கொண்டு, கூலிக்காரியின் பாட்டை மட்டும் குப்பைக்காக எறிவது எந்த நியாயம்?

மேலும், ஒப்பாரியைக் காது கொடுத்துக் கேட்டீர்களா? முதலில் ஒரு செல்வத்தைக் காட்டும். அடுத்த அடியில் அது பறிபோனதைச் சொல்லும். பொன்னும் பூவும் மாளிகையும் அடுக்கி, உடனே அவையெல்லாம் தனக்கில்லை என்று அவள் சொல்லும்பொழுது, செத்தவனுக்காக மட்டும் அழுகிறாளா? தாலி அறுத்தவுடன் பூவும் பொட்டும் நல்ல காரியங்களில் நிற்கும் உரிமையும் பறிக்கப்பட்டதற்காக அழுகிறாள். அண்ணன் வீட்டில் அண்ணி முகம் பார்த்து உண்ணப் போகும் சோற்றுக்காக அழுகிறாள். சொத்தில் பங்கில்லாததற்காக அழுகிறாள். கைம்பெண் கொடுமையை நாம் மேடையில் பேசத் தொடங்குமுன்பே, பிணத்தருகில் உட்கார்ந்து ஊரார் காது கேட்க அதைச் சொன்னவள் அவள். வேறெங்கே பேசினாலும் வாயை அடைத்திருப்பார்கள். சாவீட்டில் மட்டும் அடைக்க முடியாது. அந்த ஓரிடத்தையும் அவள் பயன்படுத்திக்கொண்டாள். அதனை மூடவழக்கம் என்று தள்ளுபவர், வழக்குப் பத்திரத்தை அழுகை என்று கிழித்தெறிபவர்.

தாலாட்டும் அப்படியே. இருட்டோடு பால்மரம் வெட்டப் போக வேண்டியவள், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போகுமுன் பாடும் தாலாட்டில், மாமன் கொண்டுவரும் பொற்காப்பும் வெள்ளிச் சங்கும் வரும். மாமனோ கடலுக்கு அப்பால். காப்பும் இல்லை, சங்கும் இல்லை. இல்லாததைப் பாடிப் பிள்ளையை உறங்க வைத்துவிட்டு, இருக்கின்ற நிரைக்கு அவள் போனாள். அதில் விதியை வணங்குவதைக் கண்டவர் உண்டு. நாம் காண்பது தன் பிள்ளை இதைவிட மேலானதற்கு உரியது என்ற உறுதி.

சீர்திருத்தத்துக்கும் இப்பாட்டு உருவத்துக்கும் பகை என்பதே தவறு. கும்மியையும் சிந்தையும் பள்ளையும் எடுத்துத்தான் பாரதி பெண் விடுதலையையும் நாட்டு விடுதலையையும் பாடினார். இலங்கையில் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், தொழிலாளர் நிலைமையை அவர்கள் அறிந்த மெட்டுகளில் பாட்டாகக் கட்டி, 1940-இல் நூலாக அச்சிட்டுப் பரப்பினார். படிக்கத் தெரியாத பெண்ணுக்குப் பத்திரிகை என்ன செய்யும்? பாட்டு செய்தது.

இன்னும் ஆழமாகப் பாருங்கள். நாட்டுப் பாட்டின் மேலுள்ள அருவருப்புக்கு அடியில் கிடப்பது சாதி. பறை இல்லாமல் பிணம் எடுப்பதில்லை. பறை அடித்தவனை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். நடவுப் பாட்டு இல்லாமல் வயல் நிரம்புவதில்லை. பாடியவளுக்குக் குடிக்கும் நீரைக் கையில் வார்த்தார்கள். பாட்டு தாழ்ந்ததால் பாடியவர் தாழவில்லை. பாடியவரைத் தாழ்த்தினார்கள், அதனால் பாட்டும் தாழ்ந்தது. கப்பலேறி இந்நாட்டுக்கு வந்த பின்னும் அத்தீட்டுக் கணக்கு நம்முடன் இறங்கிற்று. ஆகவே, தோழர்களே, சாதியை ஒழிக்க வேண்டுமென்று சொல்லிக்கொண்டே இப்பாட்டை இகழ்பவர், மரத்தை வெட்டுகிறேன் என்று கூறி வேருக்கு நீர் ஊற்றுகிறார்.

நான்காவதாக ஒருவர் வருகிறார். “கவலை எதற்கு? சினிமாவில் இப்பொழுது கிராமியப் பாட்டுக்குத்தான் மதிப்பு. பரவை முனியம்மாவை உலகம் முழுவதும் அறிந்ததே!” என்பார். மெய்தான். மதுரையை அடுத்த பரவையில் பிறந்த முனியம்மா, 2003-இல் வெளிவந்த தூள் படத்தில் பாடிய பாட்டினால் தமிழர் வாழும் இடமெல்லாம் பெயர் பெற்றார், 2020-இல் மறைந்தார். கருப்பாயியையும் முனியம்மாவையும் நம் காதுக்குக் கொண்டுவந்த நன்றி சினிமாவுக்கு உரியது. அதை மறுப்பது அநீதி. ஆயினும் சினிமா எத்தனை பேரைக் கொண்டுவரும்? ஒரு படத்துக்கு ஒரு கிழவி, ஐந்து நிமிஷம், இடையில் சிரிப்புக்காக. கதைக்கு ஏற்ற பாட்டையே அது எடுக்கும்; மற்றவை கிழவியோடு சுடுகாட்டுக்குப் போகும். அன்றியும், கொல்லங்குடிக்குச் சினிமா போயிற்று. புக்கிட் ரோத்தானுக்கும் ஈஜோக்குக்கும் கெர்லிங்குக்கும் எந்தப் படக்காரன் வந்தான்? எவன் வரப்போகிறான்?

இதுவே நாம் அஞ்சும் இடம். கோலசிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் தோட்டத் தமிழர் பாடிய பாட்டு, தமிழ்நாட்டுப் பாட்டின் வெறும் நகல் அன்று. நடவு குழுவாகச் செய்யும் வேலை. ஒருத்தி பாட மற்றவர் வாங்கிப் பாடலாம். பால்வெட்டோ அவரவர் நிரையில் தனித்து நின்று செய்யும் வேலை. ஆகவே வயலின் பாட்டு இங்கே லயத்து வாசலுக்கும் சடங்கு வீட்டுக்கும் சாவீட்டுக்கும் திருவிழாவுக்கும் குடிபெயர்ந்தது. அதிலே கப்பலும் கங்காணியும் ஒட்டுப்பாலும் துரையும் வந்து புகுந்தன. உதவிபெற்றுக் கூலிகள் கப்பலேறுவதை இந்திய சர்க்கார் 1938-இல் தடுத்தது. அதன் பின் ஊருக்கும் தோட்டத்துக்கும் இடையே இருந்த கயிறு அறுந்தது. 1942-லும் 1943-லும் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போயினர், பலர் திரும்பவில்லை. பிணமும் இல்லாமல், செத்த நாளும் தெரியாமல், வெறும் வாசலைப் பார்த்து அழுத பெண்கள் இம்மாவட்டத்தில் இருந்தனர். சரித்திர ஆசிரியர் இறந்தவர் தொகையை எழுதுவார். அவ்வாசலில் எழுந்த குரலை யார் எழுதுவது?

இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் பல இடங்களில் வீட்டுமனையாயிற்று. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. தோட்ட வேலைக்கு இந்தோனேசியரும் வங்காள தேசத்தாரும் வந்தனர்; நம்மவர் பட்டணத்து அடுக்குமாடிக்குப் போயினர். போனவர் சட்டி பானையை எடுத்துச் சென்றனர். சாமி படத்தை எடுத்துச் சென்றனர். பாட்டை மட்டும் கிழவியின் தொண்டையிலேயே விட்டுச் சென்றனர். அடுக்குமாடியின் ஏழாம் மாடியில் ஒப்பாரி வைத்தால் பக்கத்து வீட்டார் கோபிப்பார்கள் என்று அவளும் மௌனமானாள். கருப்பாயி அம்மையார் நூறை நெருங்கும் வரை இருந்தார். அவர் குரல் பதிவாகி நிற்கிறது. நம் தோட்டத்துக் கருப்பாயிகள் எத்தனை பேர், ஒரு வரிகூடப் பதியப்படாமல், மண்ணுக்குள் போயினர்! ஒரு கிழவி சாகும்பொழுது, வேறெங்கும் பிரதியில்லாத சுவடிக்கட்டு ஒன்று எரிகிறது. உ. வே. சாமிநாதையர் வீடு வீடாகச் சென்று சுவடி தேடினார் என்று மேடையில் புகழ்கிறோம். நம் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கும் சுவடியைத் தொலைக்காட்சி முன் நாற்காலியில் வைத்து மறந்துபோனோம்.

ஆகவே, குறை கூறி மட்டும் நிறுத்தாமல், செய்யத்தக்கவற்றையும் சொல்வோம்.

ரால்ப் பியர் 1927-இல் வண்டியில் ஏற்றிச் சென்ற கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பேசியாக இருக்கிறது. எனவே கருவி இல்லையென்ற சாக்கு வேண்டாம். ஒவ்வொரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரும், விடுமுறைக்கு ஒரு பாட்டு என்று, மாணவரைத் தம் பாட்டி தாத்தாவிடம் பதிந்து வரச் செய்க. பாடியவர் பெயரைச் சொல்ல அவர் சம்மதித்தால் பெயரும், தோட்டத்தின் பெயரும், யாரிடம் கற்றார் என்பதும், எச்சமயத்தில் பாடப்படும் என்பதும் கூடவே எழுதப்பெறுக. கொச்சைச் சொல்லைத் திருத்தாதீர்கள். திருத்தினால் அது உங்கள் பாட்டு, அவள் பாட்டன்று. பொருள் விளங்காத சொல்லை விட்டுவிடாதீர்கள். விளங்காத சொல்லே அரிய சொல்லாயிருக்கலாம். இழிவான அடி வந்தால் அதனையும் எழுதுங்கள். மறைத்த நோய்க்கு மருந்தில்லை.

திருவிழாவுக்குச் சினிமா ஆட்டக்காரரை அழைத்துப் பணத்தை வாரியிறைக்கும் கோயில் நிர்வாகஸ்தர்களே, அரைமணி நேரத்தை உங்கள் ஊர்க் கிழவிகளுக்கு ஒதுக்குங்கள். அவர்களுக்கும் கையில் காசு கொடுங்கள், வெறும் பொன்னாடை வேண்டாம். பொன்னாடை குளிருக்கும் ஆகாது, அரிசிக்கும் ஆகாது. கருப்பாயி அம்மையாருக்கு விருது கிடைத்தும் வறுமை தீரவில்லை என்ற செய்தி நமக்குப் பாடமாகுக. இளைஞர் மன்றத்தாரே, வானொலித் தோழர்களே, எழுத்தாளர் சங்கத்தாரே, தனித்தனியே கிடக்கும் பதிவுகளை ஓரிடத்தில் சேர்த்து வைக்க முன்வாருங்கள். அமெரிக்கருக்கு 1928-இல் தோன்றிய எண்ணம் நமக்கு ஒரு நூற்றாண்டு கழித்தேனும் தோன்றக் கூடாதா?

ஆங்கிலம் கற்ற கனவான்களே, உங்களுக்குக் கடைசியாக ஒரு சொல். ஜிம் ரீவ்ஸைத் தாராளமாகப் பாடுங்கள். குரல் நன்றாயிருந்தால் நாமும் உடன் பாடுகிறோம். ஆனால் அவர் பாட்டில் உங்கள் உள்ளத்தைத் தொடுவது எது என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். வீட்டை விட்டு வெகுதூரம் வந்தவனின் ஏக்கம். பிரிந்த பெண்ணின் நினைவு. உழைத்துக் களைத்தவனின் பெருமூச்சு. இறந்தோரை நினைக்கும் கண்ணீர். இவற்றுக்காக நீங்கள் டெக்ஸாஸ் வரை போக வேண்டியதில்லை. அவை உங்கள் அடுக்களைக்கு அடுத்த அறையில், வெற்றிலை இடித்துக்கொண்டு, உங்களுக்கு இடைஞ்சலாகுமோ என்று வாய்மூடி இருக்கின்றன. போய்க் கேளுங்கள், அவள் மறுக்க மாட்டாள். இன்றே கேளுங்கள், நாளைக்கு அவள் இருப்பாள் என்பதற்கு யாரும் ஜாமீன் இல்லை.